ஜவ்வாது மலையில் தண்ணீர் ருசி பார்க்கப் போனேன்

தண்ணீருக்கு ருசி இருக்கிறதா, வாடை இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் முதல் பாதி அது. வேலூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் இளநிலை வேதியியலாளராக இருந்தேன். என் மகள் கவிதாவுக்கு அப்போது ஒன்பது மாதம். தாய்ப்பால் இன்னும் நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். குடிக்கிற தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கலாம், இரும்பு எவ்வளவு இருக்கலாம் என்று அளந்து பார்க்கக் கருவிகள் உண்டு. ருசிக்கும் வாடைக்கும் கருவி கிடையாது. மனிதனின் நாக்கும் மூக்கும்தான். நாலு பேரை உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மலை ஊர்களுக்கு இதில் தனி அளவு வைக்கலாமா என்று சென்னையில் ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. மலையில் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் இரும்பு அதிகம். அடிபம்பில் தெளிவாக வரும் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, துரு வாடை அடிக்கும். கெடுதல் செய்யாது. ஆனால் ஜனங்கள் அதைக் குடிப்பார்களா? குடிப்பார்கள் என்றால் அளவைத் தளர்த்திவிடலாம், பம்பு அப்படியே இருக்கும். மாட்டார்கள் என்றால் இரும்பை வடிகட்ட ஒரு தொட்டி கட்ட வேண்டும். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூக்கு கூர்மை என்று பெயர். கர்ப்பமாக இருந்தபோது முகர்ந்து பார்க்கும் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கர்ப்பிணியின் மூக்கை நம்ப முடியாதாம். பிள்ளை பெற்றுத் திரும்பியதும் மூக்கு மறுபடி நம்பிக்கைக்கு உரியதாகிவிட்டது. "குழந்தையை வெச்சுக்கிட்டு முடியுமாம்மா?" என்று தலைமை வேதியியலாளர் கேட்டார். முடியாது என்றால் அடுத்த முறை கேட்கவே மாட்டார் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. முடியும் சார் என்றேன். சொன்ன மறுநிமிடமே தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்றிருந்தது.

வீட்டில் மாமியார், "மலைக் காத்து புள்ளைக்கு ஆவாது. தண்ணி அத்தவிட ஆவாது" என்றார். அந்தத் தண்ணீருக்காகத்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கவிதாவைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து ஒடுகத்தூரில் நான் இறங்கிய அன்று சந்தை. மலையிலிருந்து வந்தவர்கள் புளியையும் சாமையையும் கொட்டி வைத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருப்பவர்கள்தான் கத்தினார்கள். சீத்தாப்பழம் கூடை கூடையாக இருந்தது. எனக்கு ஒன்று வாங்கித் தின்ன ஆசை. பால் கொடுக்கிறவள் சளி பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். ஓட்டல் இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் பருப்பு நன்றாகக் கரைந்திருந்தது. எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் உப்பு. எவ்வளவு வேகவைத்தாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும்.

எங்களோடு வந்தவர் ஜே.இ. தனசேகர். ஆழ்துளைக் கிணறுகளைப் போட்ட அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளர், என் வயதுதான் இருக்கும். வேலை முடிந்தது என்று ஒரு கையெழுத்து வாங்குவதற்காகவே பிறந்தவர் மாதிரி இருந்தார். ஜீப் ஓட்டியவர் அன்வர் பாய். வேலூர்க்காரர், பெரிய குடும்பம். கவிதாவை முதல் பார்வையிலேயே கையில் வாங்கிக்கொண்டு, "ஏ மொட்டைத் தல, மலைக்கு வர்றியா? கரடி கீது அங்க" என்றார். அவள் சிரித்தாள். நான் அவளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஐஸ் வாங்க வேண்டியிருந்தது. பம்புத் தண்ணீரில் கிருமி இல்லை என்று முன்பே பார்த்தாயிற்று. அந்த ஊர் ஜனங்கள் காலங்காலமாகக் குடித்துவந்த ஊற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க நான் புட்டிகள் கொண்டுவந்திருந்தேன். ஊற்றில் நிரப்பின கையோடு ஐஸில் வைத்து, அன்றைக்கே வேலூருக்கு அனுப்பிவிட வேண்டும். சூடாகிவிட்டால் கிருமி தானாகவே பெருகிவிடும். பிறகு எந்தக் கணக்கும் செல்லாது. ஐஸ் கம்பெனிக்காரர் மரத்தூள் போட்டு, சாக்கில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். "இன்னாத்துக்கும்மா மலைக்கு ஐஸு? அங்கயே குளிருதே" என்றார்.

ஆழ்துளை போட்ட லாரி ஏறிய பாதையைப் போன மழை கொண்டுபோயிருந்தது. ஒரு காட்டாற்றைத் தாண்டும்போது ஜீப்பின் பின்சக்கரம் மணலில் உட்கார்ந்துவிட்டது. தனசேகர் இறங்கித் தள்ளினார். அன்வர் பாய் வண்டியைத் திட்டினார், பிறகு ஆற்றைத் திட்டினார், பிறகு யாரும் கேட்காத மாதிரி தனசேகரைத் திட்டினார். வண்டி குலுங்கியதில் பெட்டி ஒன்று கீழே விழுந்தது. பம்புத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த பெரிய கண்ணாடி ஜாடிகள் அதில்தான் இருந்தன, எல்லாம் உடைந்தன. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்று, ஐஸ் பெட்டியின் மூலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையிலிருந்து திரும்பிய மலைக்காரர்கள் சிலர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் தூக்கிவிட்டு, எங்கள் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். வண்டி அதற்கு மேல் ஏறவில்லை, அன்வர் பாய் அதோடு ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரை மேல்சாமைக்காடு என்று வைத்துக்கொள்கிறேன். வைக்கோல் வேய்ந்த வீடுகள், சுற்றிலும் சாமைக் கொல்லை, நடுவில் பச்சைச் சாயம் அடித்த புது அடிபம்பு. பம்பைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தளம் செம்பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. அதில் ஒரு கோழி மட்டும் நின்றது. பள்ளிக்கூடமாக இருந்த ஒற்றை அறையில் எங்களை இறக்கினார்கள்.

போன உடனே ஊற்றைப் பார்க்கப் போனேன். கூட வந்தவள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டு மருமகள் வெள்ளச்சி. இருபது வயது இருக்கலாம். அவள் இடுப்பிலும் ஒரு குழந்தை. ஆண். கவிதாவைவிட மூத்தவன் என்றாள். என்னால் நம்ப முடியவில்லை. கவிதாவின் கையில் பாதிதான் அவன் கை. கண் உள்ளே போயிருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"வயித்தால போய்க்கினே கீதுங்க. நிக்கும், மறுபடி போவும். பல்லு மொளைக்கிறதுன்றாங்க."

அவன் கவிதாவைத் தொடக் கையை நீட்டினான். நான் ஓர் அடி விலகிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். நான் பாறை வழுக்குவதுபோல் காலைச் சரிசெய்துகொண்டேன்.

ஊற்று அழகாக இருந்தது. பாறை இடுக்கிலிருந்து விரல் கனத்துக்கு வழிந்து ஒரு குழியில் தேங்கி நின்றது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. என் வேலையில் அப்படி ஒரு தண்ணீரை நான் முகர்ந்ததே இல்லை. அதே குழியின் மறுகரையில் மாட்டுக் குளம்புத் தடம் இருந்தது. சாணி இருந்தது. மேட்டிலிருந்து பன்றிகள் இறங்கி வரும் வழியும் அதுதான். "குடிச்சுப் பாருங்க, சக்கரையாட்டம் இருக்கும்" என்றாள் வெள்ளச்சி. கிருமி பார்க்காத தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அப்புறம் குடிக்கிறேன் என்றேன். புட்டிகளை நிரப்பி எடுத்துவந்து ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மரத்தூள் மிதந்தது. ஐஸ் இல்லை. அன்வர் பாய் ஆற்றங்கரையில் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எதுவும் வேலூர் போகாது என்று தெரிந்தது.

ராத்திரிச் சாப்பாடு கவுண்டர் வீட்டில். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. சோறு வெள்ளையாக, உதிரி உதிரியாக இருந்தது. தண்ணீருக்கு நான் கேட்டுக் காய்ச்சி வாங்கிக்கொண்டேன். "காய்ச்சினா சப்புனு ஆயிடுமே" என்று கவுண்டர் வருத்தப்பட்டார். விருந்தாளிக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டோம் என்ற முகம். மறுநாள் காலை ஜீப்பைச் சரிசெய்து ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு வந்த அன்வர் பாய், பம்பில் ஒரு வாளி அடித்து ஸ்டவ்வில் டீ போட்டார். டீத்தூள் விழுந்ததும் தண்ணீர் கறுத்தது. பாலை ஊற்றிய பிறகும் கறுப்பாகவே இருந்தது.

"இன்னா மேடம் இது, பேனாவுக்கு ஊத்தற மையாட்டம் கீது" என்றார். தனசேகர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைச் செடிக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டு, "பழகிடும்" என்றார்.

அன்றைக்குத்தான் ருசி பார்க்க ஊரைக் கூட்டியிருந்தோம். ஜாடிகள் உடைந்துவிட்டதால் பம்புத் தண்ணீரைப் புதுப் பானையில் அடித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பானையிலிருந்து எடுத்து, வாடையே இல்லாத தண்ணீரோடு பல அளவில் கலந்து, எது எதுவென்று தெரியாமல் புட்டிகளில் ஊற்றி வரிசையாக வைக்க வேண்டும். அந்த வாடையில்லாத தண்ணீரை வேலூரில் கரியில் வடித்துக் கொண்டுவந்திருந்தேன். அது மட்டும் உடையாமல் வந்தது.

விதிகளைச் சொன்னேன். ருசி பார்க்கிறவர்கள் பீடி பிடிக்கக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது.

"பீடி புடிக்காம வாய் எப்டி தொறக்கும்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வந்து உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்களும் வரட்டுமே என்றேன். கவுண்டர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தண்ணிய கொண்டாறதுக்குத்தாம்மா பொம்பளைங்க. கூட்டத்துல ஒக்காந்து சொல்றதுக்கு நாங்க கீறோமே." நான் தனசேகரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வற்புறுத்தியிருக்கலாம். ஊர் வழக்கத்தில் தலையிட நாம் யார் என்றும் பட்டது.

முதல் புட்டி. நன்றாக இருக்கிறது. இரண்டாவது. நன்றாக இருக்கிறது. கலப்பே இல்லாமல் பானைத் தண்ணீர் மட்டும் ஊற்றிய கடைசிப் புட்டியைக் குடித்துவிட்டு ஒருவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இதான் எல்லாத்துலயும் ஒசத்தி" என்றார். தனசேகர் எழுந்தே நின்றுவிட்டார். "பார்த்தீங்களா மேடம்? கீழ ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு இரும்பு இரும்புன்னு பயமுறுத்தறீங்க. கையெழுத்துப் போடுங்க, மழைக்கு முன்னாடி எறங்கிடலாம்."

விதிப்படி கடைசியாக நானும் ருசி பார்க்க வேண்டும். ஒரு வாய் குடித்தேன். விழுங்கிய பிறகுதான் உறைத்தது. துரு இல்லை. வாடை இல்லை. நாக்கின் ஓரத்தில் லேசான இனிப்பு. பையிலிருந்த மருந்தை எடுத்து, பானைத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன். இரும்பு இருந்தால் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை.

வெள்ளச்சி கதவோரம் நின்றாள்.

"இது பம்புத் தண்ணியா?"

"இல்லைங்க." ஒளிக்கவே இல்லை. "ஊத்துத் தண்ணி. விடியறதுக்குள்ள போய் மொண்டாந்தேன்."

"பம்புலேருந்துதானே கொண்டுவரச் சொன்னேன்?"

அவளுக்கு நான் கேட்பது புரியவில்லை. அந்த ஊரில் ஊர் கூடி உட்கார்ந்தால், நடுவில் வைக்கும் பானைக்குத் தண்ணீர் கொண்டுவருவது கவுண்டர் வீட்டு மருமகளின் முறை. சண்டை தீர்ந்து இரண்டு வீடு சேருவதும், பெண் கொடுப்பதாகச் சொல்வதும் அந்தப் பானையில் குடித்துத்தான். "ஊரே ஒக்காந்து குடிக்கற பானையில அந்தத் துரு நாத்தத்த ஊத்தறதாங்க? பகையாளிக்கிகூட ஊத்த மாட்டாங்க. அப்புறம் எம்மாமனாரு தலைய எப்டி தூக்குவாரு?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "நீங்க வேற பால் குடுக்கறவங்க" என்றாள்.

மாடு நின்ற குழியின் தண்ணீரைத்தான் விழுங்கியிருக்கிறேன். இனி கவிதாவுக்குப் பால் கொடுக்கலாமா? பாலில் கிருமி வராது என்று படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் இருந்தது. அவள் பசியில் அழ ஆரம்பித்தாள். மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கையை இரண்டு முறை கழுவிவிட்டுக் கொடுத்தேன்.

தனசேகருக்கு விஷயம் ரொம்பச் சின்னது. "ஊத்தா இருந்தா என்ன, பம்பா இருந்தா என்ன? கூட்டம் கூடுச்சு, குடிச்சாங்க, நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நீங்க ஏன் மேடம் பேஜாரு பண்றீங்க?"

"பொய் இல்லையா சார்?"

"யாருக்கு நஷ்டம்?"

வெள்ளச்சியின் பையன் மூலையில் கோணியில் படுத்துக் கிடந்தான். மறுநாள் பம்பின் பக்கத்திலேயே, நானே தண்ணீர் அடித்து, பெண்களை வைத்துப் பார்க்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். கவுண்டரிடம் போய்க் கேட்டபோது, பம்பைச் சுற்றிப் பெண்கள் நின்றால் அது கூட்டம் ஆகாது, தாராளமாக நடக்கட்டும் என்றுவிட்டார்.

அன்று மாலை வெள்ளச்சியையும் இன்னும் சில பெண்களையும் உட்காரவைத்துச் சொன்னேன். ஊற்றில் மாடும் பன்றியும் இறங்குகிறது. பிள்ளைகளுக்கு வயிற்றால் போவது அதனால்தான் இருக்கும். பம்புத் தண்ணீரில் அந்த ஆபத்து இல்லை, ருசிதான் கெட்டது. அந்த ருசியை எடுக்க மணலும் கரியும் போட்டு ஒரு தொட்டி கட்டலாம். "நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா இப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. உள்ளபடி சொன்னாத்தான் தொட்டி வரும்."

"சொன்னா கட்டுவாங்களா?" என்று வெள்ளச்சி கேட்டாள்.

"எழுதறேன்."

"எழுதினா கட்டுவாங்களான்னு கேட்டேன்."

"கட்டுவாங்க" என்றேன்.

மறுநாள் காலையைப்போல் ஒரு வேலை நாளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வெயில் நன்றாக அடித்தது. பூவை எடுத்து வைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாயில் வைத்ததும் பேச்சு கிளம்பியது.

"ஆணியச் சப்பிக்கினே தண்ணி குடிச்ச மாதிரி கீது."

"எம்புருசன் கத்திய கழுவுன தண்ணி."

"புள்ள பொறந்த வூட்டு வாடைடீ இது."

"உங்க மாமியா வாயிலேருந்து வர்றதே, அந்த வாடை" என்று ஒருத்தி வெள்ளச்சியைப் பார்த்துச் சொல்ல, மாமியாரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். இந்தத் தண்ணீரில் சாமை ஆக்கினால் சோறு செங்கல் நிறமாகிவிடுகிறது, வெள்ளைத் துணி இரண்டு தோய்ப்பில் பழுப்பாகிறது என்றெல்லாம் சொன்னார்கள். யாரும் அதுவரை அவர்களைக் கேட்கவில்லை. எந்தக் கலப்பில் வாடை தெரியாமல் போகிறது என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே புட்டியைக் காட்டினார்கள். வேலூரில் படித்தவர்களை உட்காரவைத்தால்கூட அவ்வளவு ஒற்றுமை வராது. எழுத எழுத எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் எதற்குப் படித்தேன் என்பது அந்த வெயிலில் தெளிவாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

இறங்கும்போது பலாப்பழம் ஒன்றை ஆற்றங்கரை வரை சுமந்துவந்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தனசேகர் வழி நெடுக என்னோடு பேசவில்லை. அன்வர் பாய் மட்டும், "நல்லதுதான் மேடம் செஞ்சீங்க. ஆனா இந்த ஆளுங்க ஒண்ணு செய்யறதுக்கு ஒம்போது வாட்டி யோசிப்பாங்க" என்றார்.

வீடு வந்த இரண்டாம் நாள் கவிதாவுக்கு வயிற்றால் போயிற்று. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலாம். டாக்டர், பல் முளைக்கிற நேரம் என்றார். வெள்ளச்சியின் வீட்டில் சொன்ன அதே வார்த்தை. இங்கே காய்ச்சிய தண்ணீர் இருந்தது, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கத் தெரிந்தது, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. நான்கு நாளில் சிரித்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். உண்மையிலேயே பல்லா, என் பாலா, மலையில் யாராவது ஈரக் கையோடு கொஞ்சியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறிக்கையை நாலு முறை திருத்தி எழுதினேன். பம்புத் தண்ணீர், ருசியாலும் வாடையாலும் ஏற்கத்தக்கதல்ல, வடிகட்டும் தொட்டி அவசியம், அதுவரை ஜனங்கள் திரும்பத் திரும்ப ஊற்றுக்கே போவார்கள், ஊற்று சுத்தமானதல்ல. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று தலைமை வேதியியலாளரே சொன்னார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் அன்வர் பாய் ஆய்வுக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வராமல் என்னை வெளியே கூப்பிட்டார்.

"மேடம், அந்த மேல்சாமைக்காட்டு பம்பு..."

"தொட்டி கட்டறாங்களா?"

"பம்ப கழட்டியாச்சு. நம்ம ஜீப்புலதான் எறக்கினு வந்தேன். கீழ ஏதோ ஒரு ஊர்ல போடறாங்களாம்."

நான் தலைமை வேதியியலாளரின் அறைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். ஏற்கத்தக்கதல்ல என்று நாம் எழுதிக் கொடுத்த தண்ணீருக்கு எதற்குப் பம்பு? கீழே கேட்கிற ஊர்கள் நிறைய. தொட்டி கட்ட அந்தப் பாதையில் செங்கல் ஏறாது. "தவிர, அவங்களுக்குப் பிடிச்ச ஊத்து ஒண்ணு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா."

"ஊத்து சுத்தமில்லைன்னும் எழுதினேன் சார்."

"ரிசல்ட் எங்க?"

ரிசல்ட் இல்லை. ஐஸ் கரைந்த புட்டிகளை நானே என் கையால் கொட்டிக் கழுவியிருந்தேன். விதிப்படி செய்தேன்.

பம்பைக் கழற்றியபோது ஊரில் என்ன சொன்னார்கள் என்று அன்வர் பாயைக் கேட்டேன். "ஒண்ணியும் சொல்லல மேடம். ரிப்பேருக்கு எடுத்துக்கினு போறோம்னு நெனச்சாங்க. தொட்டியோட எப்ப திருப்பிக் கொண்டாருவீங்கன்னு கவுண்டர் கேட்டாரு. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

தனசேகர் கேட்டாரே, யாருக்கு நஷ்டம் என்று. அதையே நான் வெகு நாள் கேட்டுக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் துருத் தண்ணீராவது ஊரின் நடுவில் இருந்திருக்கும். ஊற்று வற்றுகிற கோடையில், வேறு வழியில்லாமல், வெள்ளச்சியின் பையன் அதைக் குடித்துத் தேறியிருப்பான். உண்மையை எழுதுவதற்கு முன்னால் அதை யார் படிப்பார்கள் என்று யோசித்திருக்க வேண்டுமோ? அப்படி யோசித்து எழுதுவதற்குப் பெயர் என்ன?

சென்னைக் குழுவுக்கு ஓர் ஊரின் நாக்கு போதவில்லை. அடுத்த கோடையில் மறுபடி அனுப்பினார்கள். கவிதா நடக்க ஆரம்பித்திருந்தாள். இம்முறை அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மலையின் இன்னொரு மடிப்பில் இருந்த ஊர். பாதை நன்றாக இருந்தது, ஜீப் நேராக ஊருக்குள் போய் நின்றது. வழியில் குடித்த டீ நன்றாக இருந்தது. எதுவும் உடையவில்லை. ஐஸ் பெட்டியில் ஐஸ் இருந்தது.

பம்பின் பக்கத்தில் பெண்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி தலையிலும் பூ இல்லை. ஒருத்தி வாயிலும் வெற்றிலை இல்லை. ஒடுகத்தூர் சந்தையில் மலை ஊர்கள் எல்லாம் சந்திக்கும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிமெண்டுத் தளம் இங்கேயும் செம்பழுப்பாக இருந்தது. துரு வாடையை நான் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பிடித்துவிட்டேன்.

கூட்டத்தில் வெள்ளச்சி நின்றாள். இது அவள் தாய் வீட்டு ஊராம். பம்பு இருக்கிற ஊரென்று பையனைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னம் வந்திருந்தது, வயிறு அடங்கியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவன் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டான்.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

நான் புட்டிகளை எடுத்து வைக்கக் குனிவதற்குள் அவளே பம்பை அடித்து ஒரு சொம்பு பிடித்தாள். என் முகத்தைப் பார்த்தபடியே, மூச்சு விடாமல், முழுச் சொம்பையும் குடித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சொம்பை அடுத்தவளிடம் கொடுத்தாள். அவளும் குடித்தாள். சொம்பு கை மாறிக்கொண்டே போயிற்று.

"நல்லா கீதுங்க. எழுதிக்கோங்க."

"வெள்ளச்சி, உண்மையச் சொல்லு."

"உண்மையத்தான் அங்க சொன்னனே."

தொட்டி என்று மறுபடி ஒருமுறை சொல்ல முயன்றேன். பாதி வார்த்தையிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"நம்பலன்னா இன்னொரு சொம்பு குடிச்சுக் காட்டட்டுமாங்க?"

வேண்டாம் என்றேன். புட்டிகளைத் திறக்காமலேயே தாளை எடுத்து, ருசி, வாடை இரண்டுக்கும் நேராக ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதினேன். மலை ஜனங்களின் நாக்கு எவ்வளவு இரும்பைத் தாங்கும் என்று சென்னைக் குழு தேடிக்கொண்டிருந்த எண், அந்தத் தாளையும் சேர்த்துக் கூட்டிக் கழித்துத்தான் வரும்.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்து, பையை ஜீப்பில் ஏற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் பம்புக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி, குனிந்து, அடித்தொண்டையிலிருந்து காறித் துப்பினாள்.